பாய்லர்காரர் வீட்டு மாத்திரை

பாய்லர்காரர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் வாய் திறப்பது ரத்த அழுத்தக் கருவிதான். பட்டையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு பொத்தானை அழுத்துவார். அது உஸ்ஸென்று ஊதி, கையைக் கவ்வி, பிறகு மனசில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அவர் முடித்ததும் தங்கை கையை நீட்டுவாள். அவர் மனைவி மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார்.

“இது உங்க வம்சத்துக்கு வந்த சொத்து. நான் வேற வீட்டுப் பொண்ணு. என்னை விட்டுடுங்க” என்பார்.

சொத்து என்று மனைவி சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் அந்த வீட்டில் அப்பா விட்டுப்போன வேறு எதுவும் இல்லை. அப்பா ஐம்பத்து மூன்று வயதில், பாய்லர்காரர் இப்போது வேலை பார்க்கிற அதே சலவை ஆலையில், ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது விழுந்தார். அப்பாவின் அக்கா ஐம்பதில், முகம் கழுவக் குனிந்தவர் நிமிரவில்லை. தாத்தாவும் அப்படித்தான் என்று கேள்வி. பாய்லர்காரருக்கு இப்போது ஐம்பத்தொன்று. தங்கைக்கு நாற்பத்தேழு. கணவர் இறந்த பிறகு அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்தவள்; பத்து வருஷமாக அதே ஆலையில் விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிறாள். அவள் மடித்த விரிப்பின் ஓரம் ஓரத்தோடு பொருந்தி நிற்கும். அதனால் ஆலையில் அவளுக்கு ‘மடிப்பு அக்கா’ என்றே பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கருவி பேசியது.

“நூத்தி முப்பத்தெட்டு. கீழே எழுபது. உனக்கு இந்த வாரம் லீவு” என்றார் பாய்லர்காரர்.

“எனக்கா, மாத்திரைக்கா?”

“மாத்திரைக்கு.”

“அப்படியே வேலைக்கும் ஒரு லீவு எழுதிக் குடு அண்ணே. புண்ணியமாப் போகும்.”

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தார். “டாக்டர் தினமும்னு சொன்னதாத்தான் எனக்கு ஞாபகம்.”

“டாக்டர் ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கிறாரு. நான் ரெண்டே பேரைத்தான் பார்க்கிறேன். யாருக்கு நல்லாத் தெரியும்?”

“அதுவும் சரிதான் அண்ணி. அண்ணன் கண்ணுக்குத் தப்பி ஒரு ஊசி ஆடிடுமா?” என்றாள் தங்கை. அவள் கேலியாகச் சொல்லவில்லை.

இருபத்து நான்கு வருஷமாக அவர் பார்த்துவந்த வேலை அது. கொதிகலனின் அழுத்தத்தைக் காட்டும் வட்டக் கடிகாரத்தில் ஊசி ஏழைத் தொட்டால் நெருப்பை அணைக்க வேண்டும். ஐந்துக்கு இறங்கினால் மூட்ட வேண்டும். அவர் காலத்தில் அபாய வால்வு ஒரு தடவைகூட ஊதியதில்லை. அழுத்தம் என்றால் என்ன என்று யாராவது தனக்குச் சொல்லித்தருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மாதத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, கொதிகலனுக்கு இருந்த சட்டத்தையே அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். மேல் எண் நூற்று நாற்பதுக்கு மேலே போனால் மாத்திரை உண்டு. கீழே வந்துவிட்டால் அடுத்த ஞாயிறு வரை கிடையாது. அழுத்தம் இறங்கிய பிறகும் மருந்தை உள்ளே தள்ளுவது, ஆவி போதுமான அளவு நிற்கும்போது நெருப்பை எரியவிடுவது போல அவருக்குத் தோன்றியது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தங்கையின் உடம்பில் தேவைக்கு மேல் ஒரு துளி மருந்து போகக்கூடாது என்ற கரிசனம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு அவர் கொதிகலன் அறையைத் திறந்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். அடியில் தேங்கிய கலங்கல் நீரைத் திறந்துவிட்டார். கொதிகலனுக்குப் போகும் தண்ணீர்த் தொட்டியில் வழக்கம்போல ஒரு குவளை தண்ணீர் மருந்தை ஊற்றினார். பிறகு நெருப்பை மூட்டினார். ஏழு மணிக்கெல்லாம் ஆலை முழுக்க ஆவி. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்த விரிப்புகள் மூட்டை மூட்டையாகப் பிரிந்து, பெரிய தொட்டிகளில் புரண்டு, பிழிபட்டு, சூடான உருளைகளின் வாய்க்கு வந்தன. உருளைக்கு முன்னால் இரண்டு பெண்கள் நிற்க வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, ஓரம் நேராக இருக்கும்படி உள்ளே விட வேண்டும். வலது பக்கம் மடிப்பு அக்கா. இடது பக்கம் வெற்றிலை நிறத்தில் எப்போதும் ஒரே சட்டை போட்டு வருகிற பச்சைச் சட்டைக்காரி.

ஒன்பதரை மணிக்கு ஒரு விரிப்பு கோணலாக உள்ளே போனது.

“என்னக்கா, காலையிலேயே கனவா?” என்று சிரித்தாள் பச்சைச் சட்டைக்காரி.

அடுத்த விரிப்பும் கோணலாகப் போனது. அக்காவின் வலது கை முனையைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு காற்றைப் பிடித்திருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வார்த்தைகள் ஈரத்துணி சுற்றியவை போல வந்தன.

கொதிகலன் அறைக்கு ஆள் ஓடியது. பாய்லர்காரர் கேட்டதும் முதலில் நெருப்பை அணைத்தார். எரிபொருள் குழாயை மூடினார். ஊசி இறங்குகிறதா என்று ஒரு கணம் பார்த்தார். அப்புறம்தான் ஓடினார். அந்த அரை நிமிஷத்தை அன்று முழுவதும் அவரால் மறக்க முடியவில்லை.

மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் கைக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. மூளையைப் படம் எடுத்து முடிக்கும்போது தங்கை தெளிவாகப் பேசினாள். “உருளையை நிறுத்தினாங்களா? இல்ல துணி கருகிடுச்சா?” என்று கேட்டாள். நரைத்த தாடி வைத்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மூளைக்குப் போற ஒரு சின்னக் குழாய்ல ரத்தம் கொஞ்ச நேரம் நின்னுருக்கு. தானாவே வழி விட்டுடுச்சு. இதை எச்சரிக்கைன்னு எடுத்துக்கணும். அடுத்தது இப்படித் திரும்பிப் போகும்னு சொல்ல முடியாது.” பிறகு அவள் தலைமாட்டுத் திரையில் இருந்த ரத்த அழுத்த எண்ணைப் பார்த்தார். “நூத்தித் தொண்ணூறு. அழுத்த மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?”

பாய்லர்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

“தினமும் போடுறேன் டாக்டர். ஒரு நாள் விட்டதில்ல. அண்ணன்தான் கையில எடுத்துக் குடுப்பாரு.”

அவள் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

“தினமும் போட்டும் நூத்தித் தொண்ணூறா? அப்ப இந்த அளவு பத்தலை.” டாக்டர் எழுதினார். “இதை ரெண்டு மடங்காக்குறேன். கூட இன்னொண்ணு சேர்க்கிறேன். நாளைக்குக் காலையில இருந்து ஆரம்பிக்கலாம். உங்க குடும்பத்துல நிறைய பேர் இப்படிப் போயிருக்காங்கன்னீங்களே. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் ரத்தக் குழாய் எவ்வளவு இறுகியிருக்குன்னு ஒரு சோதனை பண்ணிடுவோம்.”

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பாய்லர்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

அங்கே மனைவி காய்கறி சூப்பும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நடந்ததை எல்லாம் கேட்டார்.

“நீங்க சொல்லிட்டீங்களா, மாத்திரையை விட்டு விட்டுத்தான் குடுத்தோம்னு?”

“அவ முந்திக்கிட்டா.”

“பிந்தினவங்க பேசக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே.”

“அவளைப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா? அதுவும் நோயாளியா படுத்திருக்கும்போது?”

மனைவி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினார்.

பாய்லர்காரருக்கே தெரிந்ததுதான். தங்கையைப் பொய்க்காரி ஆக்கக்கூடாது என்பது ஒரு சாக்கு. இருபத்து நான்கு வருஷமாக ஒரு கொதிகலனுக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொண்டவன், சொந்தத் தங்கையின் குழாயைக் கெடுத்துவிட்டான் என்று ஒருவர் சொல்லக் கேட்கும் தைரியம் அவரிடம் இல்லை. ஆனாலும் வேறொரு எண்ணம் அவரை அரித்தது. ஞாயிற்றுக்கிழமை நூற்று முப்பத்தெட்டு. செவ்வாய்க்கிழமை நூற்றுத் தொண்ணூறு. நெருப்பே போடாத கொதிகலனில் ஊசி எப்படி இவ்வளவு ஏறும்? கடவுளே, எங்கே தப்பு என்று மட்டும் காட்டு என்று கேட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்பது அதற்கு அப்புறம்.

சோதனை அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு திரை, தொடையில் சுற்ற ஒரு பட்டை, கழுத்தில் வைக்கப் பேனா போல ஒன்று. அதைக் கையாள்கிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். தங்கைக்குப் பார்த்து முடித்து, அவளை வார்டுக்கு அனுப்பிவிட்டு, இவரைப் படுக்கச் சொன்னாள்.

“பேசாம படுங்க சார். மூச்சு மட்டும் விடுங்க.”

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் மா. இது எதை அளக்குது?”

“இதயம் ஒரு தடவை அடிச்சா அந்த அலை கழுத்துக்கு ஒரு நேரத்துல வரும், தொடைக்கு இன்னொரு நேரத்துல வரும். நடுவுல எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கிறோம்.”

அவர் பேசாமல் படுத்தார். திரையில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. கண்ணை மட்டும் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

“எவ்வளவு வேகம்?”

“ஒரு விநாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர். உங்க தங்கச்சிக்குப் பன்னிரண்டு. உங்க வயசுக்கு எட்டு, ஒன்பது இருக்கணும்.”

“வேகமாப் போறது நல்லதுதானே?”

“இல்லையே சார்.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு கட்டிலின் இரும்புக் கம்பியை விரலால் தட்டினார். அடுத்து தொடைப் பட்டையின் ரப்பர்க் குழாயைத் தட்டினார். “இரும்புக் குழாயை இந்தப் பக்கம் தட்டினா அந்தப் பக்கம் உடனே கேக்கும். ரப்பர்ல தட்டினா வழியிலேயே அமுங்கிடும். அப்ப எங்க குழாய் இரும்பாயிருக்கு.”

அந்தப் பெண் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். “எட்டு வருஷமா இதைப் பண்றேன். இவ்வளவு சுலபமா எனக்கே சொல்ல வந்ததில்ல. நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?”

“கொதிகலன். மா, இன்னொண்ணு. எனக்குக் கீழே எழுபதுதான் வரும். மேலதான் ஏறுது. கீழே நல்லா இருக்கேன்னு நான் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்.”

“அது சந்தோஷப்படற விஷயம் இல்ல சார். நல்ல குழாய் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் விரியும். அப்புறம் சுருங்கி, இதயம் ஓய்வெடுக்கும்போதும் ரத்தத்தைத் தள்ளிக்கிட்டே இருக்கும். இறுகின குழாய் விரியாது. அதனால மேல குதிக்கும், கீழே விழும்.”

பாய்லர்காரர் தொடையில் தட்டினார். “எங்க பழைய தண்ணி பம்ப்ல ஒரு காத்துக் குடுவை உண்டு. பம்ப் விட்டு விட்டு அடிச்சாலும் அந்தக் காத்து அமுங்கி அமுங்கித் தண்ணியைச் சீராத் தள்ளும். குடுவையில காத்து போயி தண்ணி நிரம்பிடுச்சுன்னா ஊசி பைத்தியம் புடிச்ச மாதிரி குதிக்கும். குழாய் இணைப்பெல்லாம் அதிரும்.”

“அதேதான் சார்.”

“அப்ப இது அழுக்கு படிஞ்சதால இல்ல. சுவரே இப்படி.”

“சில குடும்பத்துல பிறப்புலேயே கொஞ்சம் கூடுதலா இறுகற மாதிரி வந்துடும். உங்க பிள்ளைங்களையும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க.”

“இதை மாத்திரை இளக்குமா?”

“முழுசா இல்ல. ஆனா தினமும் போட்டா சுவர் மேல மோதுறது குறையும். இறுகுற வேகமும் குறையும். சிலருக்குக் கொஞ்சம் இளகறதும் உண்டு. சில பேர் நம்பர் நல்லா இருக்குன்னு நிறுத்திடுவாங்க. நல்லா இருக்கறதே மாத்திரையாலதான்னு அவங்களுக்குத் தெரியாது. நிறுத்தி நிறுத்திப் போட்டா ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். அந்தக் குழாய் பாவம் இல்லையா?”

அவள் யாரையும் குத்திச் சொல்லவில்லை. அதனால்தான் அது ஆழமாகப் போனது. இணைப்புகள் அதிர்கிற ஒரு குழாயைப் பாய்லர்காரர் மனக்கண்ணில் பார்த்தார். அதை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் குலுக்கிக்கொண்டிருந்த கை தன்னுடையது என்பதையும் பார்த்தார்.

வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “அம்மா, அடுத்த ஆள் வர இன்னும் கால் மணி நேரம் இருக்கு. நீங்க வந்து படுங்க. சார் பார்க்கணும்னு ஆசைப்படுவாரு, வேற குழாய் எப்படி இருக்கும்னு.”

மனைவிக்கு எட்டு வந்தது. “நான்தான் சொன்னேனே, நான் வேற வீட்டுப் பொண்ணுன்னு” என்றார். பாய்லர்காரர் சிரித்தார். சிரித்து முடித்ததும், “டாக்டர் எந்த ரூம்?” என்று கேட்டார்.

டாக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பாய்லர்காரர் கதவருகே நின்றே பேசினார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

“என் தங்கச்சி சொன்னது நிஜம் இல்ல டாக்டர். தினமும் போடலை. மூணு வருஷமா வாரம் விட்டு வாரம் நான்தான் நிறுத்தி வச்சேன். இந்த வாரமும் அவளுக்கு மாத்திரை இல்ல. எனக்கும் இதே கணக்குதான்.”

டாக்டர் தேநீரைக் கீழே வைத்தார். “ஏன்?”

“நம்பர் இறங்கிடுச்சுன்னு.”

“அந்த நம்பர் மாத்திரையோட நம்பர் ஐயா. உங்க தங்கச்சியோட நம்பர் இல்ல.” பிறகு, கோபப்படுவார் என்று எதிர்பார்த்தவரிடம், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். “எந்தக் கணக்குல நிறுத்துனீங்க? சொல்லுங்க, கேப்போம்.”

பாய்லர்காரர் ஏழையும் ஐந்தையும் சொன்னார். நூற்று நாற்பதைச் சொன்னார். டாக்டர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“கொதிகலனுக்குத் தினமும் நீங்க செய்யற வேலை எல்லாமே ஊசியைப் பார்த்துத்தானா?”

பாய்லர்காரர் யோசித்தார். சட்டென்று அவர் முகம் மாறியது.

“இல்ல டாக்டர். தண்ணி மருந்து ஒண்ணு ஊத்துவோம். காலையில ஒரு குவளை. ஊசி எங்க நின்னாலும் சரி. அது அழுத்தத்துக்கு இல்ல, இரும்பு கெடாம இருக்க. ஒரு நாள் விட்டாலும் வெளியே ஒண்ணும் தெரியாது. அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்.” குரல் தழைந்தது. “நான் மாத்திரையை நெருப்புன்னு நினைச்சுட்டேன்.”

“இனிமே நினைக்கமாட்டீங்க” என்றார் டாக்டர். சீட்டை எடுத்து, எழுதியதை அடித்தார். “இப்பவாவது வந்து சொன்னீங்க. மருந்து பழகாத உடம்பு. நாளைக்குக் காலையில நான் எழுதின அளவை எல்லாம் சேர்த்துக் குடுத்திருந்தா, அழுத்தம் தடால்னு இறங்கியிருக்கும். ஏற்கெனவே ஒரு தடவை ரத்தம் நின்ன மூளை அது. மறுபடியும் விழுந்திருப்பாங்க. எழுந்திருப்பாங்கன்னு சொல்லமாட்டேன். பழைய அளவையே தினமும் போடட்டும். ரத்தம் உறையாம இருக்க இன்னொண்ணு. ரெண்டு வாரம் கழிச்சு நானே பார்க்கிறேன். உங்களுக்கும் அதே பழைய மாத்திரைதான், இன்னைக்கே ஆரம்பிங்க. வீட்டுக் கருவியில பாருங்க, எழுதிட்டு வாங்க. ஆனா முடிவு எடுக்க வேண்டாம்.”

பாய்லர்காரர் கைகூப்பினார். டாக்டர் அதைத் தடுத்து, ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டார்.

வார்டில் விளக்கு போட்டிருந்தார்கள். தங்கை சாய்ந்து உட்கார்ந்து, தலையணை உறையின் ஓரத்தை வலது கையால் மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் கிட்டத்தட்ட சொன்னபடி கேட்டன. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சொல்லிட்டேன்.”

“தெரியும். உன் மூஞ்சி கழுவி விட்ட மாதிரி இருக்கு.”

“நீ ஏன் அப்படிச் சொன்னே?”

“டாக்டர் அத்தனை பேருக்கு முன்னாடி கேக்கறாரு. பக்கத்துக் கட்டில்ல ஆள், நர்ஸ் ரெண்டு பேரு. உன்னைத் திட்டுவாரு. நீ திட்டு வாங்கி நான் பார்த்ததே இல்ல அண்ணே. என்னவோ மாதிரி இருந்துச்சு.”

“அதுக்காக?”

“நீயா போயிச் சொல்றதுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும்னு நினைச்சேன். நீ எப்படியும் சொல்லிடுவே.”

“சொல்லாம இருந்திருந்தா?”

அவள் யோசிக்கவே இல்லை. உறையின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே சொன்னாள். “நாளைக்குக் காலையில டாக்டர் எழுதினதைப் போட்டிருப்பேன்.”

“எல்லாத்தையுமா?”

“நீ பக்கத்துல நின்னா போட்டிருப்பேன். நீ பார்த்துக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்தானே.”

அதைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லலாமா என்று பாய்லர்காரர் யோசித்தார். சொல்லக்கூடாது என்று தோன்றியது. பிறகு, இனிமேல் எதையும் அவளுக்காக அவரே முடிவு செய்யப் போவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் சொன்னார். பன்னிரண்டு, பன்னிரண்டரை, குதிக்கிற ஊசி, நாளைக் காலையில் நடந்திருக்கக்கூடியது, ஒன்றையும் விடாமல்.

அவள் முழுவதையும் கேட்டாள். தலையணை உறை கையிலிருந்து நழுவியது.

“அப்ப நானும் இனிமே கேக்கணும்” என்றாள்.

“கேளு.”

“ஏன், எதுக்கு, எத்தனைன்னு. ஒவ்வொண்ணுக்கும் கேப்பேன். உனக்குத் தொல்லையா இருக்கும்.”

“இருக்கட்டும்.”

நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரைகளைக் கொண்டுவந்து தண்ணீரோடு வைத்தாள். வெள்ளையாக ஒன்று, மஞ்சளாக ஒன்று. தங்கை கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நர்ஸை நிமிர்ந்து பார்த்து, “இதுல எது எதுக்கு மா?” என்று கேட்டாள்.

நர்ஸ் நின்று, ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னாள். அண்ணனும் நாற்காலியை முன்னால் நகர்த்திக் கேட்டார்.